சுவரோரத்துப் பாத்தி

உப்புங்க தம்பி, உப்பு! நான் என்ன சொன்னேன்? மொத நாளே சொன்னேனா இல்லியா? இந்த வீட்டுல ஒருத்தராவது காது குடுத்துக் கேட்டாங்களா?... வாங்க வாங்க, செருப்பெல்லாம் கழட்ட வேணாம், இப்படியே பக்கவாட்டுல வாங்க, தண்ணி மிஷின் பின்னாடிதான இருக்கு, மாட்டினதே நீங்கதான், உங்களுக்குத் தெரியாததா. பாத்து, பாத்து, கீழ கன்னு. அதுங்களே அரை உசிருல நிக்குதுங்க, நீங்க வேற மிதிச்சுடாதீங்க. இல்ல, அவர் இல்ல. எங்க வீட்டுக்காரர் சந்தைக்குக் கன்னு ஏத்திக்கிட்டுப் போயிருக்காரு. எப்பவும் அவர்தான உங்களுக்குக் கதவு தொறப்பாரு? தொறந்துட்டு "உம்"னு ஒரு சத்தம் குடுப்பாரு, அதோட அன்னைக்குப் பேச வேண்டியது முடிஞ்சுது. இன்னைக்கு நான் இருக்கேன். நீங்க குடுத்து வெச்சவரு.

தோள்ல என்ன அது, மூட்டையா? மிஷினுக்கு மருந்தா? இறக்கி வைங்க, கழுத்து சுளுக்கிக்கப் போவுது. அந்தச் சுவத்தோரமா வைங்க. சரி, நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க, நான் ஒரு தொந்தரவும் பண்ண மாட்டேன். சும்மா நின்னு ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டு இருப்பேன், அவ்வளவுதான்.

காலையில போன் வந்துச்சு தம்பி. மண்ணு பாக்குற ஆபீஸ்ல இருந்து. இந்தப் பாத்தி மண்ண ஒரு பையில அள்ளிக் குடுத்துட்டு வந்திருந்தேன். ஒரு பொண்ணு பேசுச்சு, குரல் நல்லா கணீர்னு. "அம்மா, உங்க மண்ணுல உப்பு ரொம்ப ஏறியிருக்கு"ன்னுச்சு. ஆஹா... காதுல தேன் பாஞ்ச மாதிரி இருந்துச்சு. மண்ணு கெட்டுப் போச்சுன்னு சொல்றாங்க, எனக்கு ஆடணும் போல இருக்கு. ஆடினேன், பொய் சொல்வானேன். ஒரு கையில கரண்டி, ஒரு கையில போனு, அடுப்படியிலயே ஒரு சுத்து. அந்தப் பொண்ணு இன்னும் என்னமோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு. "அம்மா, நீங்க அந்தப் பாத்திக்கு என்ன தண்ணி..."ன்னு இழுத்துச்சு. எனக்கு எங்க நேரம்? நீ நல்லா இருக்கணும் தாயின்னு சொல்லி வெச்சுட்டேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை, அது கெடைச்சுப் போச்சு.

என்னடா, பாத்தி கெட்டதுக்கு இந்தம்மா இப்படிக் குதிக்குதேன்னு பாக்குறீங்க. உங்க மூஞ்சியிலயே எழுதியிருக்கு. சொல்றேன், இருங்க. அந்தச் சுவர் இருக்குல்ல, அதுக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி வீடு. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. சின்னவ, சின்னவன்னு கூப்பிடுவேன். கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். இப்பப் பேச்சு வார்த்தை இல்ல. அவளுக்கு ஒரு வியாதி தம்பி, துணி துவைக்கிற வியாதி. அழுக்குத் துணியத் துவைக்கிறது எல்லாரும் பண்றது. இவ துவைச்ச துணியைத் துவைப்பா. காஞ்சு மடிச்சு வெச்சது மேல ஒரு ஈ உக்காந்துட்டா மறுபடியும் வாளி, மறுபடியும் பவுடர். அந்தத் தண்ணி எங்க போகும்? இந்தச் சுவத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு, மழைத்தண்ணி வடியட்டும்னு கட்டும்போதே விட்டது. அது வழியா என் பாத்திக்குள்ள வருதுன்னு நான் சொல்றேன். வரவே இல்லன்னு அவ சொல்றா. இப்ப ஆபீஸ்காரங்களே சொல்லிட்டாங்க, உப்புன்னு. பவுடர்ல உப்புதான இருக்கும்? வேற என்ன இருக்கும்?

இருங்க தம்பி, நீங்க அப்புறம் சொல்லுங்க. உங்களுக்கு எங்க தொழில் தெரியாது, அதச் சொன்னாத்தான் இதோட வலி புரியும். நாங்க ஒட்டுக் கன்னு போடுறவங்க. ஒரு நல்ல ஆரஞ்சு மரம் இருக்குன்னு வைங்க, அதோட விதையைப் போட்டா காய்க்கிறதுக்குள்ள நமக்கு நரைச்சுடும். வேரும் நோஞ்சானா இருக்கும். அதனால வேருக்குன்னே தனியா ஒரு முரட்டுச் செடி வளப்போம். அதுதான் வேர்ச்செடி. அது பென்சில் கனத்துக்கு வந்ததும் பட்டையைக் கீறி, நல்ல மரத்துல இருந்து ஒரு மொட்டுக் கண்ணு எடுத்து உள்ள சொருகி, நாடாவச் சுத்திக் கட்டிடணும். மேல வளர்றவளுக்குத்தான் பழம், பேரு, பாராட்டு எல்லாம். கீழ இருக்கிறவ இருட்டுல கெடந்து தண்ணி எறைச்சுக் குடுத்துக்கிட்டே இருப்பா. யாராவது பழத்தத் தின்னுட்டு ஆஹா என்ன வேருன்னு சொல்லியிருக்காங்களா? சொல்ல மாட்டாங்க.

கீறுறது நான். கட்டுறது சின்னவ. எப்பவும் அப்படித்தான். நான் கத்தியத் தொடைச்சுத் திரும்பறதுக்குள்ள அவ கட்டி முடிச்சிருப்பா, உள்ள காத்து நுழையாது. என் வீட்டுக்காரரையும் கட்டச் சொல்லிப் பாத்தேன். செருப்புக்கு வார் கட்டுற மாதிரி கட்டுறாரு. சொருகின கண்ணு பிதுங்கி வெளிய வந்து என்னைப் பாக்குது.

அந்தச் சின்னவ, அவ்வளவு தெறமக்காரி, எனக்குப் பண்ணினதப் பாருங்க. இந்தச் சுவத்தோர வரிசை. இதுல வேர்ச்செடிக்குன்னு வெச்சது காட்டு எலுமிச்சை. நான் ரோஷக்காரின்னு பேரு வெச்சிருக்கேன், மண்ணுல ஒரு சிட்டிகை உப்பு கூடிட்டாலும் மொகத்த சுளிச்சுடுவா. அந்தக் கடைசியில இருக்கிறது பொடிக் கமலான்னு இன்னொரு வேர்ச்செடி, அவ அழுத்தக்காரி. எதையும் உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிட்டு நிப்பா, லேசுல காட்ட மாட்டா. ரெண்டும் ஒரே மாதிரி இலை வெச்சு நிக்கும், குழம்பிடக் கூடாதுன்னு ரோஷக்காரிங்க ஒவ்வொருத்திக்கும் ஒரு நீலத் துண்டு கட்டிவிட்டேன். என் பழைய சேலையக் கிழிச்சு. பொன்னிறப் புட்டா போட்ட நீலம், எங்க வீட்டுக்காரர் மொத மொதல்ல வாங்கிக் குடுத்தது, கிழிக்கிறப்போ அதுக்கும் ஒரு "உம்" சொன்னாரு.

நல்லாத்தான் வந்துச்சு தம்பி. திடீர்னு இலையோட ஓரமெல்லாம் கருக ஆரம்பிச்சுது, அடுப்புல காட்டின காகிதம் மாதிரி. சரி, தண்ணி பத்தலன்னு ஊத்தினேன். மண்ணு சொதசொதன்னு ஈரம், செடி மட்டும் தாகத்துல வாடுது. இது என்ன கூத்து? உரம் பத்தலன்னு உரம் போட்டேன், இன்னும் வேகமாக் கருகுது. ஒண்ணப் புடுங்கிப் பாத்தா வேருல பொடி நாரே இல்ல, கெழவன் தாடி மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணு. மண்ணு மேல வெள்ளையா ஏதோ பூத்திருந்துச்சு. எடுத்து நாக்குல வெச்சேன். எனக்கு எதையும் வாயில வெச்சுப் பாத்தாத்தான் புரியும், எங்க வீட்டுக்காரர் என்னைக் கட்டிக்கிட்டதுக்கு அப்புறம் மருந்து பாட்டிலெல்லாம் பரண் மேல ஏறிடுச்சு. வெச்சுப் பாத்தா, உப்பு!

உடனே சுவத்துக்கிட்டப் போயி கூப்பிட்டேன். சின்னவ துவைக்கிற கல்லு மேல ஏறி எட்டிப் பாத்தா, கையெல்லாம் நுரை. அதைப் பாத்ததும் எனக்கு எங்க இருந்து வந்துச்சோ ஆத்திரம். நான் பேசினேன் பாருங்க, தெருவுல போனவங்க சைக்கிள நிறுத்திக் கேட்டாங்க. அவ நடுவுல "அக்கா, அந்த..."ன்னு என் பாத்தியப் பாத்துக் கை நீட்டினா. என் பாத்திப் பக்கம் கை நீட்டாதன்னுட்டேன். அன்னைக்கே சிமென்டு கொழைச்சு ஓட்டையை அடைச்சேன். அடைச்சும் கருகுது தம்பி! அடியில ஊறி வருது, அவ்வளவு கெட்டிக்காரி. அதுக்கப்புறம் ஒரு நாள் வரிசையில பாதி போயிடுச்சு. அத்தனையும் வேரோட புடுங்கி, நீ கொன்னத நீயே வெச்சுக்கோன்னு சுவத்துக்கு அந்தப் பக்கம் வீசினேன். ஒரு பதில் வரல. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க.

அதோட விட்டாளா? சுவத்துக்கு மேல அந்தத் தளிர் தெரியுதா, அதோ பச்சைப் பசேல்னு? தொட்டியில வெச்சு வளக்குறா. என்ன செடியோ, யாருக்குத் தெரியும். என் செடி சாகுது, அவ செடி தளதளன்னு சுவத்துக்கு மேல எட்டிப் பாக்குது. வேணும்னே என் கண்ணுல படுற மாதிரி வெச்சிருக்கா. நான் அந்தப் பக்கமே பாக்குறதில்ல. காலையில எந்திரிச்சதும் ஒரு வாட்டி பாப்பேன், அப்புறம் சாயங்காலம். அவ்வளவுதான்.

என் அவசரம் அவளுக்கே தெரியும் தம்பி, அதான் எனக்கு ஆறல. பள்ளிக்கூடத்துக்குள்ள ஒரு ஆரஞ்சு மரம் இருக்கு. அந்தப் பழத்தத் தின்னவங்க வேற ஆரஞ்சைத் தொட மாட்டாங்க, தோலைப் பிதுக்கினாலே ரெண்டு வீடு தாண்டி மணக்கும். அந்த எடத்துல புது வகுப்பு கட்டப் போறாங்க. லீவு முடியறதுக்குள்ள மரத்த வெட்டிடுவாங்களாம். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, ஒட்டுக்கு வேண்டிய குச்சியை எடுத்துக்கோங்கம்மா, எங்கயாவது உசிரோட இருக்கட்டும்னாரு. பெரிய மனுஷன், கண்ணு கலங்கிட்டாரு. குச்சி எடுத்து என்ன பண்ண? ஒட்டுறதுக்கு வேர்ச்செடி வேணும்ல? இதுங்க எல்லாம் தீக்குச்சிக் கனத்துலயே நின்னு போச்சு. கீறினா பட்டை தொறக்க மாட்டேங்குது, உள்ள ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. அழுத்தக்காரி இப்பத்தான் வெச்சது, அடுத்த வருஷம்தான் ஆவா. மரம் அடுத்த வருஷம் வரைக்கும் நிக்குமா? கட்டுறதுக்கும் ஆள் இல்ல. எனக்குத் தூக்கமே வரல தம்பி, நெசமா. சிரிச்சுக்கிட்டே சொல்றேன், ஆனா தூக்கம் வரல.

இன்னைக்கு அவர் வரட்டும், ஆபீஸ்ல சொன்னதச் சொல்லி, ரெண்டு பேருமாப் போயி அவ வாசல்ல நின்னு கேக்கப் போறோம். அவர் "உம்"னு சொல்லுவாரு, அந்த எடத்துல அது கம்பீரமா இருக்கும்.

நானா தண்ணி விஷயத்துல தப்புப் பண்றவ? இந்த வீட்டுல ஒரு சொட்டு வீணாப் போகாது. அரிசி கழுவுறது, பாத்திரம் அலசுறது, எல்லாம் செடிக்குத்தான். உங்க மிஷின் அப்பப்ப ராத்திரியில உர்ருன்னு கத்திட்டு ஒரு தண்ணி துப்புதே, அதக்கூட விட மாட்டேன். நீங்க குழாய வெளிச் சாக்கடைக்கு விட்டுட்டுப் போனீங்க. எனக்கு மனசு கேக்கல. நீங்க அந்தப் பக்கம் போனதும் இழுத்து, இன்னொரு குழாய் சேத்து, சருகுக்கு அடியில ஒளிச்சு, நேரா இந்தச் சுவத்தோர வரிசைக்கு... என்ன தம்பி? ஸ்பேனரக் கீழ போட்டுட்டீங்க. காலுல படலியே? ஏன் இப்படி முழிக்கிறீங்க?

அந்த மிஷின் வந்த கதையும் கேளுங்க. எங்க போர் தண்ணி கடினம். சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊத்தினா முடி கொத்துக் கொத்தாக் கையோட வரும். செடிக்கு அதே தண்ணிதான் காலங்காலமா விட்டோம், அதுங்களுக்கு ஒண்ணும் ஆகல, எனக்குத்தான் ஆச்சு. அப்புறம்தான் அந்தக் கடினத்த எடுக்கிற மிஷின மாட்ட உங்களக் கூப்பிட்டோம். பாருங்க இந்த முடிய, எப்படி இருக்கு? தொட்டுப் பாக்க வேணாம், பாருங்க. என் முடி வளர ஆரம்பிச்சுது, என் செடி மொட்டையாக ஆரம்பிச்சுது. ரெண்டும் ஒரே சமயத்துல! ஒரு சந்தோஷத்தக் குடுத்தா ஒரு கஷ்டத்தக் குடுக்கிறாரு கடவுள், நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

ஏன் ரெண்டு கையையும் ஆட்டுறீங்க? குளவியா? இல்லியா? பேசணுமா? சொல்லுங்க, யாரு வேணாம்னாங்க. இவ்வளவு நேரம் வாயே தொறக்காம நின்னுட்டு... சரி. சரி சரி. நான் பேசல. பாருங்க, மூடிட்டேன்.

...

மருந்து இல்லியா? பின்ன?

பிரிங்க பாக்கலாம். வெள்ளையா கல்லு கல்லா இருக்கு. கற்கண்டு மாதிரி. எங்க, ஒண்ணு குடுங்க. ஒண்ணும் ஆகாது, நான் எல்லாத்தையும் வாயில போட்டுப் பாத்த உடம்பு...

...

தம்பி.

இந்த மூட்டை முழுக்க இதுவா? இது மொத்தமும் மிஷினுக்குள்ள போயிடுமா? போயி... கழுவி... அந்தக் கழுவின தண்ணி எந்தக் குழாய் வழியா...

ஐயோ. ஐயையோ தம்பி. இருங்க, என்னைப் பிடிங்க, எனக்குச் சிரிப்பு வருது. நான் உக்காந்துக்கிறேன். மூட்டை மூட்டையா உப்பு வாங்கி, ஆள் வெச்சுக் கரைச்சு, குழாய் போட்டு, சருகு போட்டு மூடி, என் கையாலயே... அதுவும் ரோஷக்காரிக்கு! சுவத்துல சிமென்டு வேற பூசினேனே! நீங்க மிஷின் மாட்டின அன்னைக்கே சொல்ல வந்தீங்களா? "அம்மா, இந்தத் தண்ணிய செடிக்கு..."ன்னீங்க, ஆமா, ஞாபகம் இருக்கு. நான்தான், வீணாக்குவேனா தம்பி, நீங்க கவலைப்படாமப் போங்கன்னு வாசல் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயி விட்டேன். உங்கள முடிக்க விட்டேனா? விடல. காலையில அந்தப் பொண்ணு என்ன தண்ணின்னு கேட்டுச்சு. அதையும் விடல. ஆடினேன். கரண்டியோட ஆடினேன்.

சின்னவ கை நீட்டினாளே தம்பி. அவ என் பாத்தியக் காட்டல. சருகுக்கு அடியில இருக்கிற குழாயக் காட்டியிருக்கா. அந்தக் கல்லு மேல நின்னு பாத்தா குழாய் தெரியும். அவ சொல்லத்தான் வந்திருக்கா. நான் கத்தித் தெருவையே கூட்டினேன்.

எனக்கு வெக்கமா இருக்கு. சிரிப்பும் நிக்க மாட்டேங்குது, வெக்கமும் போக மாட்டேங்குது. மொதல்ல அந்தக் குழாய உருவி சாக்கடையிலயே விடுங்க, ஓடுங்க. நல்ல தண்ணியா விட்டு விட்டு இந்த உப்ப அடியில இறக்கணும், அதுக்கு மாசக்கணக்காகும், ஆகட்டும். ஆனா மரம் போயிடுமே தம்பி. லீவு முடியப் போவுது. என் ஒரு வாயால ஒரு மரமே போச்சு. அந்தத் தலைமை ஆசிரியர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

இல்ல, மொதல்ல அவகிட்டப் பேசணும். வாசல் வழியாப் போனா எனக்குக் கால் வராது, வழியிலயே மனசு மாறிடும். இங்கயே, இப்பவே. அந்த மூட்டைய இன்னும் கொஞ்சம் சுவத்துக்கிட்டத் தள்ளுங்க. ஏறிக்கிறேன். இந்த உப்பு இதுக்காவது ஆவட்டும். பிடிச்சுக்கோங்க, நான் கொஞ்சம் கனம்... ஆங்... இன்னும் கொஞ்சம்... தெரியுது, தெரியுது. கொடியில எவ்வளவு துணி, அடேயப்பா. கல்லு அடுக்கி அது மேல தொட்டிங்க வரிசையா இருக்கு, எல்லாம் நல்லா பென்சில் கனம், சில பேரு விரல் கனம்கூட இருக்காளுங்க. என்ன செடி அது? இலையப் பாத்தா எலுமிச்சை மாதிரி...

தம்பி. நீலமா ஏதோ கட்டியிருக்கு.

ஒவ்வொண்ணுலயும் கட்டியிருக்கு. பொன்னிறப் புட்டா.

என் சேலை தம்பி அது. நான் வீசினதுங்க. செத்துப் போச்சுன்னு நான் வீசினத அலசி, நல்ல மண்ணுல வெச்சு, தண்ணி ஊத்தி... துவைச்சு எடுத்திருக்கா தம்பி, இதையும் துவைச்சு எடுத்திருக்கா! அந்தத் துண்டைக்கூட அவுக்கல. எட்டிப் பாக்குற மாதிரி வெச்சிருக்கான்னேனே, ஆமா, எனக்குத் தெரியட்டும்னுதான் வெச்சிருக்கா. பட்டை எப்படி மினுமினுன்னு இருக்கு, கத்தி பட்டாலே தொறந்துக்கும். ஐயோ, கண்ணு மறைக்குது, நான் விழுந்துடப் போறேன், கெட்டியாப் பிடிங்க.

சின்னவளே! ஏ சின்னவளே... இங்க, மேல பாரு. நான்தான். அந்த... நாடா இருக்காடி உன்கிட்ட? ஒட்டுக் கட்டுற நாடா. பள்ளிக்கூடத்துக்குப் போயி நான் குச்சி வெட்டிக்கிட்டு வரேன், நீ... இல்ல, அத அப்புறம் சொல்றேன். தப்பு என்னுதுதான். குழாய் என்னுது. உப்பும் என்னுது, இப்ப அது மேலதான் நிக்கிறேன். அன்னைக்கு நீ என்னமோ சொல்ல வந்தியே, அத இப்பச் சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன். சத்தியமா. இந்தத் தம்பி சாட்சி.

...

உம்.

...

உம்.

...தம்பி, மூட்டைய விட்டுடாதீங்க. அவ பேச ஆரம்பிச்சுட்டா. இப்போதைக்கு முடியாது.